கிருஷ்ணன் பிறந்த மண்ணில் ஒரு குளிர் யந்திரம்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கண்மாய்களும் நெல்வயல்களும் சூழ்ந்த வத்திராயிருப்பில் 1898-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் தேதி பிறந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்று, பின்னர் கல்கத்தாவில் ஸி. வி. ராமனுடன் சேர்ந்து 1928-ல் உலகம் வியந்த ஒளிச்சிதறல் கண்டுபிடிப்பில் பங்குகொண்ட கரியமாணிக்கம் ஸ்ரீனிவாச கிருஷ்ணனை, நம் வட்டாரத்துப் பிள்ளைகள் ராமனோடு உழைத்தவர் என்ற ஒரே வரியில் படித்து முடித்துவிடுகிறார்கள். அந்த வரி மெய்யே. ஆயினும் அவருடைய கீர்த்தியில் அது ஒரு பகுதியைத்தான் சொல்கிறது. சுதந்திரம் வரும் தறுவாயில் புது டில்லியில் அஸ்திவாரமிடப்பட்ட தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் டைரக்டர் அவரே. இந்திய மண்ணில் முதன்முதலாக ஹீலியம் திரவமாக்கப்பட்டது, அவர் தலைமை வகித்த அந்த ஆய்வுக்கூடத்தில், 1952-ல். ஹாலந்து தேசத்தின் லைடன் நகரில் காமர்லிங் ஓன்னஸ் 1908-ல் செய்து காட்டிய அற்புதம் நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் நம் நாட்டுக்கு வந்து சேர்ந்தது, வத்திராயிருப்பில் பிறந்த ஒருவரின் பொறுப்பில்தான்.

அந்த ஹீலியத்தைத் திரவமாக்கிய யந்திரம் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கப்பட்டது. புதிதாகப் பிறந்த ஒரு தேசத்துக்கு அன்று அதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் எழுபது ஆண்டுகளுக்கு மேல் சென்றுவிட்ட இந்நாளிலும், நம் ஆய்வுக்கூடங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் அந்தக் கடுங்குளிரை உண்டாக்கும் யந்திரங்கள் பெரும்பாலும் கப்பலிலும் விமானத்திலும் வந்து இறங்குகின்றன என்பதை எண்ணும்போது மனம் வருந்தாமல் இருக்க முடியவில்லை. இந்த நிலையை மாற்றும் பணியில் ஒரு பங்கை ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் ஏற்க வேண்டும். ஏற்பதற்கு வேண்டிய யோக்கியதை இவ்விரு ஊர்களுக்கும் உண்டு என்பதே என் உறுதியான அபிப்பிராயம்.

விஷயத்தை முதலில் சற்று விளக்கவேண்டும். நாம் அன்றாடம் அறிந்த குளிர் ஐஸ் கட்டியின் குளிர். அது பூஜ்யம் டிகிரி. அதற்கும் கீழே இறங்கிக்கொண்டே போனால், 273.15 டிகிரி கீழே, அதற்குமேல் குளிர்ச்சி என்பதே இல்லாத ஓர் எல்லை வருகிறது. அந்த எல்லையிலிருந்து மேல்நோக்கி எண்ணும் அளவைக்குக் கெல்வின் என்று பெயர். காற்றிலுள்ள நைட்ரஜன் 77 கெல்வினில் திரவமாகிறது. ஹைட்ரஜன் 20 கெல்வினில். எல்லாவற்றிலும் பிடிவாதம் மிகுந்த ஹீலியம் 4.2 கெல்வினில். ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. படம் எடுக்கும் யந்திரத்தின் காந்தம் மின்தடையே இல்லாமல் இயங்குவதற்கு இந்த 4.2 கெல்வின் வேண்டும். இப்போது உலகமெங்கும் பேசப்படும் குவாண்டம் கம்ப்யூட்டர்களில் ஒரு வகைக்கு, ஒரு கெல்வினில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கவேண்டும்; ஆனால் அங்கே இறங்குவதற்கும் முதற்படி மூன்று அல்லது நான்கு கெல்வினே. அந்த முதற்படியை இந்நாளில் பெரும்பாலும் அமைத்துத் தருவது பல்ஸ் டியூப் கிரையோகூலர் என்ற யந்திரம். துடிப்புக் குழாய் என்று அதை இக்கட்டுரையில் குறிப்பிடுகிறேன்.

துடிப்புக் குழாயின் அழகு, அதன் குளிர்ந்த பகுதியில் அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லை என்பதில் இருக்கிறது. ஒரு கம்ப்ரஸர் ஹீலியம் வாயுவை அழுத்தி அனுப்புகிறது. சுழலும் வால்வு ஒன்று விநாடிக்கு ஒன்றிரண்டு முறை அந்த அழுத்தத்தை உள்ளே விடுவதும் வெளியே எடுப்பதுமாக இருக்கிறது. வாயு முதலில் ஒரு வெப்பச் சேமக் குழலைக் கடந்து குளிர்முனையை அடைந்து, அதற்கு அப்பால் வெறுமையாக இருக்கும் ஒரு மெல்லிய குழாய்க்குள் நுழைகிறது. அக்குழாயின் மறுமுனையில் ஒரு குறுகிய துவாரமும், அதையடுத்து ஒரு சேமக் கலமும் உண்டு. அந்தத் துவாரத்தின் தடையினால் வாயுவின் ஓட்டத்துக்கும் அழுத்தத்துக்கும் இடையே ஒரு கால வித்தியாசம் ஏற்படுகிறது. குழாய்க்குள் இருக்கும் வாயுத் தூணே ஒரு பிஸ்டனின் வேலையைச் செய்ய, குளிர்முனையிலிருந்து உஷ்ணம் சிறிது சிறிதாக மறுமுனைக்குத் தள்ளப்படுகிறது. இரும்புப் பிஸ்டன் செய்யவேண்டிய காரியத்தைக் கண்ணுக்குத் தெரியாத வாயு செய்வதால் தேய்மானம் இல்லை, அதிர்வும் மிகக் குறைவு.

இந்தத் தத்துவத்தை 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஸிராக்யூஸ் சர்வகலாசாலையில் கிஃப்போர்டும் லாங்ஸ்வொர்த்தும் கண்டறிந்தார்கள். அன்று அவர்களுடைய குழாய் இறங்கிய ஆழம் அதிகமில்லை. இருபது ஆண்டுகள் அது ஆராய்ச்சியாளர்களின் ஒரு வினோதப் பொருளாகவே கிடந்தது. 1984-ல் மாஸ்கோவில் மிகூலினும் அவருடைய சகாக்களும் மறுமுனையில் அந்தச் சிறு துவாரத்தைச் சேர்த்தபோது 105 கெல்வின் வரை இறங்க முடிந்தது. அதைத் தொடர்ந்து கொலராடோவின் போல்டர் நகரில் ராடெபா குழுவினர் 60 கெல்வினை எட்டினார்கள். 1990-ல் சீனத்து விஞ்ஞானிகள் வாயு குழாயினுள் நுழைய இரண்டாவது ஒரு வழியைத் திறந்தார்கள். 1994-ல் ஜப்பானில் மட்ஸுபாராவும் காவோவும் நான்கு கெல்வினுக்குக் கீழே சென்றார்கள். நம் நாடும் இதில் வெறும் பார்வையாளராக இருந்துவிடவில்லை. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக் குளிரியல் நிபுணர்கள் இருகட்டத் துடிப்புக் குழாய் ஒன்றை 3 கெல்வின் வரை இயக்கி, அதன் முடிவுகளை 2009-ல் சர்வதேசச் சஞ்சிகையில் பிரசுரித்தார்கள்; பம்பாய் ஐ.ஐ.டி.யிலும் இவ்வகை யந்திரங்களில் நெடுங்கால உழைப்பு உண்டு. ஆகவே வித்தை தெரியாத தேசமல்ல நம்முடையது. ஆய்வுக்கூடத்தில் ஒன்றாகப் பிறந்ததைத் தொழிற்கூடத்தில் நூறாகப் பெருக்கும் இரண்டாவது காரியம்தான் நடக்கவில்லை.

இனி, இந்த யந்திரத்தின் உயிர்நாடியான வெப்பச் சேமக் குழலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் கஷ்டமும் அங்கேதான், வாய்ப்பும் அங்கேதான். உள்ளே போகும் வாயு வெதுவெதுப்பானது. குளிர்முனைக்கு அது அப்படியே போய்ச் சேர்ந்தால் சம்பாதித்த குளிரெல்லாம் பாழாகும். ஆதலால் வழியிலேயே அது தன் உஷ்ணத்தை இறக்கி வைத்துவிட்டுப் போகவேண்டும். திரும்பி வரும்போது அதை எடுத்துக்கொண்டு வெளியேற வேண்டும். அக்காலத்தில் நம் பாதைகளின் ஓரத்தில் நின்ற சுமைதாங்கிக் கல்லில் வழிப்போக்கன் தலைப்பாரத்தை இறக்கிவைத்துப் பின் ஏற்றிக்கொண்டதைப் போல, விநாடிக்கு ஓரிரு முறை, வருஷக்கணக்கில் இது ஓயாமல் நடக்கிறது. மேல்கட்டத்தில் இந்தப் பாரத்தைத் தாங்குவது எவர்சில்வர் கம்பியால் மிக நுண்ணியதாக நெய்த வலைத் தட்டுகள். நூற்றுக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரு குழலில் நிரப்புகிறார்கள். நெசவில் கண்ணுக்குக் கண் வித்தியாசம் இருந்தாலும், தட்டின் விளிம்புக்கும் குழலின் சுவருக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி விட்டுப்போனாலும், வாயு அந்த வழியே குறுக்கே பாய்ந்து உஷ்ணத்தை இறக்காமலே போய்விடும்.

கீழ்க்கட்டத்திலோ விபரீதம் வேறுவிதம். குளிரக் குளிர உலோகங்களின் வெப்பக் கொள்ளளவு சுருங்கிக்கொண்டே போவது இயற்கையின் விதி. எஃகு முதலில் சக்தியிழக்கிறது. ஈயம் பத்துப் பதினைந்து கெல்வின் வரை தாக்குப்பிடிக்கிறது. அதற்குக் கீழே ஈயமும் கைவிடுகிறது. ஹீலியம் வாயுவோ அதே எல்லையில் முன்னிலும் அதிக உஷ்ணத்தைச் சுமந்து வருகிறது. நெடுங்காலம் விஞ்ஞானிகளை அங்கேயே நிறுத்திவைத்த தடை இதுவே. எர்பியமும் நிக்கலும், ஹோல்மியமும் தாமிரமும் சேர்ந்த சில அபூர்வக் கலவைகள், தங்கள் அணுக்காந்தங்கள் ஓர் ஒழுங்குக்கு வரும் அந்தக் குறுகிய வெப்பநிலையில் மட்டும் ஏராளமாக உஷ்ணத்தை ஏற்கின்றன என்ற உண்மையைப் பயன்படுத்திக்கொண்ட பிறகே 4 கெல்வின் சாத்தியமாயிற்று. கால் மில்லிமீட்டர் அளவிலான சிறு உருண்டைகளாக அவற்றை வார்த்து அந்தக் குழலில் நிரப்புகிறார்கள். டாக்காவிலும் கல்கத்தாவிலும் இருந்த காலத்தில் கிருஷ்ணன் தம் வாழ்வின் சிறந்த ஆண்டுகளைச் செலவிட்டது ஸ்படிகங்களின் காந்த குணத்தை அளப்பதில் என்பதை இங்கு நினைவுகூர்கிறேன். ஸ்படிகத்துள் அணுவின் காந்தம் எப்படித் திசைகொள்கிறது என்று அவர் நுணுகி அளந்த அந்தச் சாஸ்திரத்தின் பரம்பரையில் வந்ததே இந்தச் சிறு உருண்டையும்.

இப்பொழுது சிக்கனத்தின் விஷயத்துக்கு வருகிறேன். இயற்கையின் விதிப்படி, 4.2 கெல்வினில் ஒரு வாட் உஷ்ணத்தை அகற்றி, நம் அறையின் வெப்பநிலைக்கு ஏற்றி வெளியேற்றக் குறைந்தபட்சம் எழுபது வாட் மின்சாரம் வேண்டும். அதற்குக் குறைவாக எவராலும் செய்ய இயலாது. ஆனால் இன்று சந்தையிலுள்ள யந்திரங்கள் அந்த ஒரு வாட்டுக்கு ஏழாயிரம், எட்டாயிரம் வாட் கேட்கின்றன. அதாவது, முடிந்ததில் நூற்றில் ஒரு பங்குதான் சாதிக்கப்பட்டிருக்கிறது. இவை இரவும் பகலும் நிறுத்தாமல் ஓடவேண்டியவை. எட்டுக் கிலோவாட் யந்திரம் ஒன்று ஓராண்டு ஓடினால் எழுபதாயிரம் யூனிட் செலவாகிறது. நம் ஊர்களில் எத்தனை குடும்பங்கள் அந்த மின்சாரத்தில் ஆண்டு முழுவதும் விளக்கேற்றி விசிறி சுழற்றும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். மேலும் அந்த எட்டுக் கிலோவாட்டும் கடைசியில் உஷ்ணமாக வெளிவருகிறது. அதைக் கொண்டுபோக ஓயாத நீரோட்டம் வேண்டும். குளிர்ப் பிரதேசத்தார் தங்கள் குழாய்த் தண்ணீரை மனத்தில் கொண்டு வகுத்த கம்ப்ரஸர், விருதுநகர் மாவட்டத்துச் சித்திரை வெயிலில் தகிக்கும் தண்ணீரைக் கொடுத்தால் திணறுகிறது; ஆகவே அந்தத் தண்ணீரைக் குளிரவைக்க மற்றுமொரு யந்திரத்தையும் நாம் பூட்டவேண்டியிருக்கிறது. வெப்ப தேசத்தின் தேவைக்கென்று கம்ப்ரஸரை முதலிலிருந்தே யோசித்து அமைப்பதில் வெப்ப தேசத்தாருக்கு இருக்கும் அக்கறை பிறருக்கு ஏன் இருக்கப்போகிறது?

சிக்கனத்தில் செய்யக்கூடியது இன்னும் ஏராளமாக மீந்திருக்கிறது என்பதற்குச் சமீபத்திய அத்தாட்சி ஒன்று உண்டு. 2024-ல் போல்டரிலுள்ள அமெரிக்கத் தேசிய அளவைக் கழகத்தைச் சேர்ந்த ஸ்நோட்கிராஸ் குழுவினர், இந்த யந்திரங்கள் அறை வெப்பநிலையிலிருந்து கீழே இறங்கும் சமயத்தில் அநியாயமாக வீணடிக்கின்றன என்பதைக் கவனித்தார்கள். துவாரங்களின் தடை நான்கு கெல்வினுக்கு ஏற்றபடி நிரந்தரமாக அமைக்கப்பட்டிருப்பதால், தொடக்கத்தில் கம்ப்ரஸர் தரும் வாயுவின் ஒரு பகுதி உபயோகமின்றிப் பக்கவழியாகத் திரும்பிப்போகிறது. அவர்கள் செய்ததெல்லாம், யந்திரம் குளிரக் குளிர வால்வுகளின் திறப்பை மாற்றிக்கொண்டே வந்ததுதான். குளிர்விக்கும் வேகம் 1.7 மடங்கிலிருந்து 3.5 மடங்கு வரை உயர்ந்தது. அறுபது ஆண்டுகளுக்கு முன்பே தோன்றிவிட்ட ஒரு யந்திரத்தில் இவ்வளவு எளிய திருத்தம் காத்துக் கிடந்தது. அதைக் கண்டது சில மனிதர்களின் கூர்ந்த கவனம். இத்தகைய கவனத்துக்கு ராஜதானி நகரங்கள் மட்டும் உரிமை கொண்டாட முடியாது.

வெளியிலிருந்து வாங்கிக்கொண்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு நம் சொந்தச் சரித்திரமே பதில் சொல்லும். ராக்கெட்டுக்கான கிரையோஜெனிக் எஞ்சின் வித்தையை ருஷ்யாவிடமிருந்து பெற நாம் ஒப்பந்தம் செய்தபோது, 1992-ல் அமெரிக்கா நம் விண்வெளி ஸ்தாபனத்தின்மீது தடை விதித்தது. வித்தை வராமல் போயிற்று. அதன்பின் நாமே செய்யத் துணிந்தோம். 2010 ஏப்ரலில் நம் சொந்த எஞ்சினைத் தாங்கிச் சென்ற முதல் ராக்கெட் தோல்வியுற்றது. 2014 ஜனவரி 5-ஆம் தேதி அடுத்த முயற்சி வென்றது. அந்த எஞ்சின்கள் சோதிக்கப்பட்ட மகேந்திரகிரி, ராஜபாளையத்துக்குத் தெற்கே இதே மலைத்தொடரின் கோடியில்தான் இருக்கிறது. இன்று துடிப்புக் குழாய்க்கும் அந்த விதி நெருங்கிவிட்டது. 2024 செப்டம்பரில் அமெரிக்க வர்த்தக இலாகா வெளியிட்ட ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில், 4.2 கெல்வினில் 1.5 வாட்டும் அதற்கு மேலும் குளிர்த்திறன் உள்ள இருகட்டத் துடிப்புக் குழாய்கள் பெயர் குறிப்பிட்டே சேர்க்கப்பட்டுள்ளன. கட்டுப்பாடு என்பதற்குத் தடை என்று பொருளில்லைதான். அனுமதி கேட்டால் கிடைக்கலாம். ஆனால் பிறர் அனுமதியை எதிர்பார்த்து நிற்கும் ஆராய்ச்சிக்கு நம் மத்திய மந்திரிசபை 2023 ஏப்ரலில் தேசிய குவாண்டம் இயக்கம் என்ற பெயரில் 6,003.65 கோடி ரூபாயை ஒதுக்கியிருக்கிறது. அந்தப் பெருந்தொகையில் வாங்குவதற்குச் செல்லும் பங்கைவிட, ஆக்குவதற்குச் செல்லும் பங்கு பெரிதாக இருக்கவேண்டும் என்று கேட்பது ஒவ்வொரு வரி செலுத்துவோனின் உரிமை.

ராஜபாளையத்தை நான் ஏன் சொல்கிறேன்? பிறந்த மண்ணின் பாசம் மட்டும் காரணமல்ல. பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்ஸை நிறுவிய நாளிலிருந்து, இவ்வூரில் தலைமுறை தலைமுறையாக ஃபிட்டர்களும் டர்னர்களும் மெயின்டனன்ஸ் மேஸ்திரிகளும் உருவாகி வந்திருக்கிறார்கள். நிமிஷத்துக்குப் பல்லாயிரம் சுற்றுச் சுழலும் கதிர்களை நடுப்பிசகாமல் நிறுத்தவும், பேரிங்கின் ஓசையைக் கேட்டே அதன் ஆயுளைச் சொல்லவும், இரவு மூன்று மணி ஷிப்டில் நின்றுபோன மிஷினை விடியுமுன் ஓடவைக்கவும் அறிந்த கைகள் அவை. துடிப்புக் குழாயின் சுழல்வால்வு என்பது, மெருகேற்றிய இரு தட்டையான முகங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் சுழலும் ஓர் உறுப்பு. கசியவும் கூடாது, இறுகவும் கூடாது, தேய்ந்து தூளுதிர்த்து ஹீலியத்தை மாசுபடுத்தவும் கூடாது. இந்த வேலைக்கு வேண்டிய சுபாவமும் கைப்பழக்கமும் இங்கே உண்டு. பக்கத்திலுள்ள சத்திரப்பட்டியோ ஆஸ்பத்திரிகளுக்கான பேண்டேஜ் துணி நெய்து நாடெங்கும் பெயர் பெற்ற ஊர். நூல் வேறு, எவர்சில்வர் கம்பி வேறு. இரண்டுக்கும் தறி வேறு என்பதையும் நான் அறிவேன். எனினும், இடைவெளியின் ஒழுங்கே சரக்கின் தரம் என்பதை ஒரு நெசவாளிக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

கல்விச் சாலைகளுக்கும் குறைவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவிலில் 1984-ல் தொடங்கிய கலசலிங்கம் கல்லூரி இன்று நிகர்நிலைச் சர்வகலாசாலை. ராஜபாளையத்தில் ராம்கோ பொறியியல் கல்லூரியும், ராமசாமி ராஜாவின் பெயர் தாங்கிய பாலிடெக்னிக்கும் இருக்கின்றன. இவற்றில் படித்து வெளிவரும் பிள்ளைகளில் மிகப் பலர் சென்னைக்கும் பெங்களூருக்கும் சென்று, தாங்கள் படித்த யந்திர சாஸ்திரத்துக்குச் சம்பந்தமில்லாத வேலைகளில் அமர்ந்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஊரில் அவர்களுடைய அறிவுக்குத் தக்க வேலையை நாம் உண்டாக்கித் தரவில்லை.

நான்கு கெல்வின் இந்த ஊருக்கு எதற்கு, இங்கே குவாண்டம் கம்ப்யூட்டரா ஓடப்போகிறது என்ற ஆட்சேபம் நியாயமானது. அதற்கு என் பதில், நான்கு கெல்வினில் தொடங்கவேண்டாம் என்பதே. ஸ்ரீவில்லிபுத்தூரின் பால்கோவாவுக்கு ஆதாரமான கறவை மாடுகளை எண்ணிப் பாருங்கள். அவற்றின் கருவூட்டலுக்கு உதவும் உறைவிந்துக் குச்சிகள் கால்நடை மருந்தகங்களில் திரவ நைட்ரஜன் குடுவைகளில்தான் காக்கப்படுகின்றன. நைட்ரஜன் ஆவியாகிக்கொண்டே இருப்பது. குடுவையை நிரப்பும் வண்டி நாள் தப்பினால் உள்ளிருப்பதெல்லாம் வீண். சுற்றியுள்ள காற்றிலிருந்தே நைட்ரஜனைப் பிரித்து, 77 கெல்வினில் திரவமாக்கி, நாளைக்குச் சில லிட்டர் தரும் சிறு துடிப்புக் குழாய் ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒன்று இருக்குமானால், அதன் பயன் மாட்டுத் தொழுவம் வரை சென்று சேரும். அபூர்வ உலோகங்கள் அதற்குத் தேவையில்லை. எவர்சில்வர் வலையே போதும். 77 கெல்வினிலிருந்து அறையின் வெப்பநிலைக்கு ஒரு வாட்டை ஏற்ற இயற்கை கேட்பது மூன்று வாட்டுக்கும் குறைவே என்பதால், சிக்கனத்தின் பாடத்தைக் கற்கவும் இதுவே தகுந்த பள்ளி. அந்த யந்திரத்தைத் திறம்பட ஆக்கியவர்கள் இருபது கெல்வினுக்கும், பிறகு நான்குக்கும் இறங்கலாம். அப்போது எம்.ஆர்.ஐ. காந்தங்களுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் அவர்கள் சேவை செய்யமுடியும். எர்பியமும் ஹோல்மியமும் நம் மணவாளக்குறிச்சி மணலில் மிகச் சொற்பம் என்பதால் அவற்றை அன்று விலைக்கு வாங்கவேண்டியிருக்கலாம். அவற்றை உருண்டையாக வார்க்கும் வித்தையையும் சேர்த்து விலைக்கு வாங்கவேண்டிய கட்டாயம் இல்லை.

காலத்தைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசவேண்டும். ஸிராக்யூஸிலிருந்து நான்கு கெல்வினுக்கு உலகம் முப்பது ஆண்டு எடுத்துக்கொண்டது; நம் கிரையோஜெனிக் எஞ்சினுக்கு இருபது ஆண்டு ஆயிற்று. மூன்றாண்டுத் திட்டம், மூன்றாம் ஆண்டின் முடிவில் ஓர் அறிக்கை, அதன்பின் கம்ப்ரஸர் ஒரு மூலையில், மாணவன் வேறு ஊரில் என்ற இன்றைய முறையில் இந்த யந்திரம் பிறக்காது. குறைந்தது பத்தாண்டுக்கு ஆறேழு பேரை, அவர்களில் இருவராவது மில்லில் பழகிய கைவினைஞர்களாக, ஒரே கூடத்தில் ஒரே பணியில் நிலைநிறுத்த வேண்டும். குளிராமற்போன குழாய்களின் அளவுகளையும், குளிர்ந்தவற்றின் அளவுகளைப் போலவே, தமிழில் எழுதி வெளியிடவேண்டும். ஒரு பாலிடெக்னிக் மாணவன் அதைப் படித்து, தவறு எங்கே என்று கேட்கக்கூடிய நிலை வரவேண்டும்.

குவாண்டம் ஆராய்ச்சிக்கென இறக்குமதியாகும் பெரிய குளிர் யந்திரம் ஒன்றின் விலை பல கோடி ரூபாய். அப்படிப்பட்ட இரண்டின் விலையை இந்த வட்டாரத்தில் ஒரு கூடத்துக்கு அளிக்கும்படி குவாண்டம் இயக்கத்தின் அதிகாரிகளைக் கேட்கிறேன். கட்டடத்தையும் லேத்துகளையும் இரண்டு மேஸ்திரிகளையும் தரும்படி ராஜபாளையத்து மில் முதலாளிகளைக் கேட்கிறேன். கல்லூரிகளின் தலைவர்கள் அவ்வளவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. வலைத் தட்டுகளை அடுக்கி, அவற்றினூடே வாயுவை முன்னும் பின்னும் செலுத்தி, அழுத்த இழப்பையும் வெப்பப் பரிமாற்றத்தையும் அளக்கும் ஒரு பரிசோதனை மேஜைக்கு வேண்டிய சாமான்களில் பெரும்பகுதி அவர்களுடைய கூடங்களில் இப்போதே இருக்கிறது; வரும் ஆனி மாதம் கல்லூரி திறக்கும்போது அதைத் தொடங்கிவிடலாம்.